கருவேலங்காட்டில் மணியடித்தது

அத்தியாயம் பதினேழு

கூத்தையாவின் குதிகாலில் போன வாரம் ஏறிய சீமைக்கருவேல முள் இன்னும் தன் வேலையை முடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கீறிச் சீழை எடுத்து, கட்டுப்போட்டு அனுப்பியிருந்தார்கள். மனுஷர் கட்டிலில் கிடந்தார். கால்தான் படுத்திருந்தது, வாய் எழுந்து உட்கார்ந்திருந்தது.

"ஏத்தா வள்ளி, அவ வந்துட்டாளா?"

"வரலை மாமா."

"வருவா. மகன் பேசப் போறான்னா வராம இருப்பாளா?"

மாமியார் கருத்தம்மாள் வரமாட்டாள் என்று சண்முகவள்ளிக்குத் தெரியும். விடியற்காலையில் கரி சுடும் மூட்டத்துக்குக் கஞ்சி கொண்டுபோனபோதே கேட்டுவிட்டு வந்திருந்தாள். "மூட்டத்தை விட்டுட்டு எப்புடிடி வர?" என்று ஒரே சொல்லில் கதவைச் சாத்திவிட்டாள் மாமியார்.

நேற்றுச் சாயங்காலம், சவுதிக்குப் போன அவள் புருஷன் வேல்சாமி பேசியிருந்தான்.

"நாளை மத்தியானத்துக்குள்ள கம்பெனியில கையெழுத்துப் போடணும் வள்ளி. போட்டா இன்னும் மூணு வருசம். போடாட்டி ஊருக்கு வந்துறலாம். பன்னெண்டு மணி வாக்குல கூப்பிடுறேன். ஆத்தா பேசணும். ஆத்தா வாயால வான்னு சொன்னாத்தான் வருவேன்."

அவன் ஊரை விட்டுப் போனதே ஆத்தாளின் வாய்ச் சொல்லால்தான். மூட்டம் திடீரென்று வெடித்து அவன் முழங்கை வெந்த அன்று, பதறிப்போன கருத்தம்மாள் கத்தினாள்: "இனிமே நீ கரியில கை வெச்சா நான் உனக்கு ஆத்தா இல்ல. எங்கிட்டாச்சும் போயிரு. இங்கன வராதே." பயத்தில் சொன்னது. அவன் சத்தியமாக எடுத்துக்கொண்டான். அப்போது சண்முகவள்ளியின் வயிற்றிலிருந்த பிள்ளை இப்போது பால்வாடிக்குப் போகிறாள். தகப்பன் முகம் தெரியாது. குரல் தெரியும்.

அந்தக் குரல் வருகிற சாமான் சுவரில் அடித்த பலகைமேல் உட்கார்ந்திருந்தது.

கம்பியில்லாத போன். போன வருஷம் வந்தது. டெலிபோன் ஆபீஸ்காரர் கம்பமும் நடவில்லை, கம்பியும் இழுக்கவில்லை. அட்டைப்பெட்டியைப் பிரித்தார். கரண்டு பிளக்கில் செருகினார். பின்பக்கம் ஒரு குச்சியை நிமிர்த்திவிட்டார். "இங்கன சிக்னல் நல்லா இருக்கு, எடத்தை மாத்தாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த ஒரு சொல்லுக்காகக் கூத்தையா பலகை அறைந்து, போனை நைலான் கயிற்றால் அதில் கட்டியும் வைத்துவிட்டார்.

பார்க்க அப்படியே பழைய போன். கைக்கு அடங்கிய ரிசீவர். அதை உடம்போடு சேர்க்கும் சுருள் வயர். ரிசீவர் படுக்கிற பள்ளம், பள்ளத்தில் அமுங்கி எழும் குமிழ். எடுத்துக் காதில் வைத்தால் 'ங்ங்ங்' என்ற இரைச்சல்.

"இந்தச் சத்தம் ஆபீஸ்ல இருந்து வரலை பெரியவரே" என்று அந்த ஆள் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். "பொட்டிக்குள்ளயே செஞ்சு வெச்சிருக்கான். இது இல்லாமலும் பேசலாம். சத்தம் கேக்கலைன்னா போன் செத்துப்போச்சுன்னு சனங்க எங்க சட்டையைப் பிடிக்கிறாங்கல்ல, அதுக்குத்தான்."

செய்தவன் கெட்டிக்காரன். புதுசு பண்ணத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எதைப் புதுசு பண்ணக்கூடாது என்று தெரிந்தவன் எங்கோ ஒருத்தன்தான்.

அந்த வடிவத்துக்கு இந்த வீட்டில் ஒரு மதிப்பும் இருந்தது. வேல்சாமி போன புதிதில் அவன் போன் தெற்குத் தெரு ராக்கப்பன் வீட்டுக்குத்தான் வரும். அவர் நிலபுலன் உள்ளவர். கரிக்காரி வீட்டுக்குள் ஏற முடியுமா? ஜன்னல் கம்பி வழியாக ரிசீவரை நீட்டுவார்கள். சுருள் வயர் எட்டுகிற தூரம்தான் பேச்சு. கருத்தம்மாள் கம்பியில் கன்னத்தை அழுத்திக்கொண்டு மகனிடம் சாப்பிட்டாயா என்று கேட்பாள். அங்கே ஜன்னலுக்கு அந்தப்பக்கம் இருந்த அதே சாமான், அதே கனம், அதே சுருளோடு தன் வீட்டுப் பலகையில் வந்து உட்கார்ந்தபோது அவள் அதைத் தொடாமல் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். செல்போன் வந்திருந்தால் அப்படிப் பார்த்திருக்க மாட்டாள். அது யாருடைய ஜன்னலுக்குள்ளும் இருந்ததில்லை.

போனின் நெற்றியில் ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. "இதுல யார் கூப்பிடுறாங்கன்னு நம்பர் தெரியும்" என்றார் ஆபீஸ்காரர். "எங்களுக்கு வாரது ஒரே போன், அவன் போன். நம்பர் பார்த்து என்ன செய்ய?" என்றார் கூத்தையா. அன்றைக்கே கருத்தம்மாள் அந்தக் கண்ணாடியில் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தாள். பிறகு வெள்ளிக்கு வெள்ளி அதன்மேல் இன்னொரு பூச்சு. இப்போது அங்கே கண்ணாடி இருப்பது தெரியாது.

மின்விசிறி இழுத்து இழுத்து நின்றது.

"போச்சுடா, கரண்டைப் பிடுங்கிட்டான்" என்றார் கூத்தையா. "இனி எப்ப வருமோ?"

சண்முகவள்ளி விசிறியைப் பார்க்கவில்லை. போனின் ஓரத்தில் மிளகு அளவு எரிந்த பச்சை விளக்கைப் பார்த்தாள். அது அணையவில்லை.

"மாமா, நேத்து அவுக பேசுறப்பவும் கரண்டு இல்லல்ல?"

"இல்ல. சிம்னி ஏத்தினியே."

"அப்பப் பேச்சு இந்தப் பிளக்கு வயர்ல வரலை."

"பெறகு எதுல வருதாம்?"

"காத்துல."

"வரட்டுமே."

"காத்துல வாரது வீட்டுக்குள்ளதான் வரணுமா? காட்டுக்கு வராதா?"

கூத்தையா தலையைத் தூக்கினார். மருமகள் அதற்குள் கயிற்று முடிச்சைப் பல்லால் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏத்தா! கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு? நம்பரு வீட்டுக்குக் குடுத்தது. கதவு மேல கரண்டு நம்பர் எழுதியிருக்கான்ல, அது மாதிரி. நீ சாமானைத் தூக்கிட்டுப் போயிட்டா அவன் பேச்சு இங்கன வந்து சுவத்துல முட்டிட்டுத் திரும்பிரும்."

"முட்டுச்சுன்னா நீங்க பிடிச்சு வைங்க மாமா."

பிளக்கைப் பிடுங்கினாள். பச்சை விளக்கு அசையவில்லை. ரிசீவரை மாமனார் காதில் வைத்தாள். இரைச்சல் இருந்தது. போனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"வாசல்லயும் கேக்குது மாமா!"

"தெருவுல?"

"தெருவுலயும்!"

"அடியே, அந்தச் சத்தம் உள்ளயே செஞ்சு வெச்சதுன்னு அந்த ஆளு சொன்னான்ல! அதை நம்பியா கிளம்புற?"

அது அவள் முதுகில்தான் விழுந்தது. கரி அள்ளும் கூடையில் பழைய சேலையை மெத்தையாகப் போட்டு, போனை வைத்து, சும்மாடு கூட்டித் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

தெருமுனையில் கருவாட்டுக்காரி நூர் நிஷா எதிரே வந்தாள். பாம்பனிலிருந்து பஸ்ஸில் வந்து ஊர் ஊராக விற்கிறவள்.

"என்னடி வள்ளி, கூடைக்குள்ள வாலு ஒண்ணு நீட்டிக்கிட்டு நிக்குது?"

"போனுக்கா."

"யா அல்லா! போனையுமா தலையில சொமந்து கூவி விக்க ஆரம்பிச்சுட்டீங்க? ரிங்கு அடிச்சா கூடையை இறக்குவியா, தலையிலயே வெச்சுப் பேசுவியா?"

"ஒன் கருவாடு பேசினா நீ என்ன செய்வ?"

"ரெண்டு ரூவா கூடச் சொல்லுவேன்" என்று நூர் நிஷா சிரித்துக்கொண்டே போனாள்.

கண்மாய்க் கரைமேல் வெயில் ஏறியிருந்தது. தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் நெடுகக் கருவேலம். வடக்கே நயினார்கோவில் பக்கம் டவர் ஒரு ஊசி மாதிரி தெரிந்தது. அவள் தலையிலிருந்த குச்சியும் அதைப் பார்த்து நிமிர்ந்திருந்தது. சண்முகவள்ளி விறகு சுமந்திருக்கிறாள், கரி சுமந்திருக்கிறாள், மிளகாய் மூட்டை சுமந்திருக்கிறாள். எதற்கும் இப்படிக் கழுத்தை ஆடாமல் வைத்துக்கொண்டு நடந்ததில்லை. இரண்டு இடத்தில் கூடையை இறக்கி ரிசீவரை எடுத்துக் கேட்டாள். இருந்தது. பொய்ச் சத்தமென்றாலும் அந்த நேரத்துக்கு அது துணைதான்.

மூட்டம் கரையின் அடிவாரத்தில் பிள்ளைத்தாய்ச்சி வயிறு போல எழும்பிப் புகைந்துகொண்டிருந்தது. உள்ளே அடுக்கிய விறகு. மேலே தழையும் ஈரமண்ணும். மண் வெடித்துக் காற்று உள்ளே போனால் மொத்த விறகும் பற்றி எரிந்து சாம்பல். அதனால்தான் காவல். கருத்தம்மாள் ஒரு வெடிப்பில் சேற்றை அறைந்து உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டிருந்தாள். கூடையையும் குச்சியையும் பார்த்ததும் கை நின்றது.

"அடிப் பாவி! வீட்டோட இருந்ததைப் பிடுங்கிட்டா வந்துட்ட? அதுக்கு உசிரு இருக்காடி?"

"நீங்களே பாருங்க."

கருத்தம்மாள் இரண்டு கையையும் சேலையில் துடைத்தாள். துடைத்து என்ன, கரி போகிற கையா அது. ரிசீவரை வாங்கினாள். கோடாலிப் பிடி பிடித்த விரல்கள் அதைச் சுற்றிச் சரியாகப் படிந்தன. போன பொங்கலுக்கு யாரோ செல்போனைக் கொடுத்துப் பேசச் சொன்னபோது அது அவள் உள்ளங்கையில் வண்டு மாதிரி ஊர்ந்தது. கட்டைவிரல் ஒரு பொத்தானை அமுக்கினால் மூன்று அமுங்கியது. இது அப்படியில்லை. காதுக்கு ஒரு கிண்ணம், வாய்க்கு ஒரு கிண்ணம். உழைக்கிற கையை அளவெடுத்துச் செய்த மாதிரி.

"இருக்கு" என்றாள் மெதுவாக.

சண்முகவள்ளி போனை ஒரு விறகுக் கட்டின்மேல் நிழல் பார்த்து வைத்தாள். "மூட்டத்தை விட்டு வர முடியாதுன்னீக அத்தை. இந்தா, போனே வந்துருச்சு. இப்ப என்ன சொல்லப் போறீக அவுககிட்ட?"

"கையெழுத்துப் போடச் சொல்லப் போறேன்."

"அத்தை!"

"கத்தாதடி. இங்கன வந்து என்ன செய்வான்? மழை பேஞ்சா மிளகா, பேயாட்டி மூட்டம். வேற என்ன இருக்கு இந்த ஊருல? விடியக்காலம் எந்திரிச்சு நான் துப்புறது என்ன நிறம்னு பார்த்திருக்கியா நீ?"

"பார்த்திருக்கேன். கறுப்பு."

"அவனும் அப்புடித் துப்பணுமா?"

"அங்கன மட்டும் என்ன, பன்னீரா துப்புறாக? சிமெண்டுக்கல் அறுக்குறாக அத்தை. நாளெல்லாம் தூசி. இருமல் வந்தா ரிசீவரைக் கையால பொத்திக்கிட்டு இருமுறாக. எனக்குக் கேக்காதுன்னு நெனப்பு."

கருத்தம்மாள் மூட்டத்தைப் பார்த்தாள்.

"ஒனக்கு எப்புடித் தெரியும், பொத்துறான்னு?"

"நீங்களும் அப்புடித்தான பொத்துறீக. ஆத்தாளுக்கும் மகனுக்கும் ஒரே புத்தி. பேச்சு நடுவுல சத்தம் அத்துப்போகும். பெறகு, 'லைன் சரியில்லை'ம்பீக ரெண்டு பேரும். லைனு நல்லாத்தான் இருக்கு அத்தை."

கருத்தம்மாளின் வாய் எதற்கோ திறந்தது. இருமல்தான் வந்தது. இந்தத் தடவை பொத்தக் கையில் ஒன்றுமில்லை. இருமி முடித்துக் கறுப்பாகத் துப்பி, காலால் மண்ணைத் தள்ளி மூடினாள்.

"மூணு வருசம் போகட்டும்னு சொல்ல எனக்கு மட்டும் ஆசையாடி?" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "ஒரு தடவை வெந்த கையைப் பார்த்துட்டேன். அது கண்ணை விட்டுப் போகலை. வான்னு சொல்லி, அவன் வந்து, இன்னொரு மூட்டம் வெடிச்சா யாருகிட்டப் போயி நான் சொல்லட்டும்?"

சண்முகவள்ளி என்ன சொல்லியிருப்பாளோ தெரியாது. கருவேலங்காட்டில் மணியடித்தது.

வீட்டில் அடிக்கிற மணியில்லை இது. சுவரும் கூரையும் இல்லாத இடத்தில் அது காட்டுக்குள்ளேயே ஓடிப் போய்த் திரும்பி வந்தது. புதரிலிருந்து கவுதாரி ஒன்று படபடத்து எழுந்தது. சண்முகவள்ளி ரிசீவரை எடுத்து மாமியார் கையில் திணித்தாள். தன் காதையும் அதன் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"ஆத்தா."

"ம்."

"சாப்பிட்டியா ஆத்தா?"

"கஞ்சி குடிச்சேன். நீ?"

"ஆச்சு."

குரல் இன்றைக்குத் தெளிவாக இருந்தது. வழக்கமாக இவள் பேசி முடித்து, அது கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்து, பிறகுதான் பதில் வரும். இன்றைக்கு அந்த இடைவெளியே இல்லை. அவன் பக்கத்தில் ஏதோ ஒரு வண்டி நீளமாக ஹாரன் அடித்தது.

"ஏலே, ரோட்டுல நின்னா பேசுற?"

"ஆமாத்தா. ஆத்தா... வள்ளி சொன்னாளா?"

"சொன்னா."

சத்தம் அற்றுப்போனது. பொத்திக்கொண்டான் என்று மருமகள் கண்ணைக் காட்டினாள். கருத்தம்மாள் ரிசீவரைக் காதோடு அழுத்தினாள். ராக்கப்பன் வீட்டு ஜன்னல் கம்பியில் கன்னத்தை அழுத்திய அதே அழுத்து.

"பொத்தாதடா" என்றாள்.

"என்னாத்தா?"

"கையை எடுத்துட்டு இருமுடா. எல்லாம் கேக்குது."

மறுமுனையில் இருமல் வந்தது. முதலில் அடக்கி. பிறகு அடக்காமல். அது முடிகிறவரை கருத்தம்மாள் கண்ணை மூடிக் கேட்டாள்.

"அன்னைக்குச் சொன்ன சொல்லை நான் திரும்ப எடுத்துக்கிட்டேன்டா. வா. கையெழுத்தும் வேணாம், கால் எழுத்தும் வேணாம். வந்துரு. ஆனா கரியில கை வைக்க மாட்டேன்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லு. சொல்லுடா. ஏலே வேல்சாமி..."

'டக்' என்றது. பிறகு 'ங்ங்ங்'.

கருத்தம்மாள் ரிசீவரைத் தூரப் பிடித்துப் பார்த்தாள். "என்னடி இது? அந்து போச்சா? வான்னது அவனுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டிருக்கும் அத்தை."

"கேட்டிருக்கும்னா? கையெழுத்துப் போட்டுட்டான்னா? சத்தம் இருக்கே, பெறகு ஏன் பேசமாட்டேங்கிறான்?"

"அது உள்ளயே வெச்ச சத்தம். பேட்டரி தீர்ந்துருச்சோ என்னமோ." சண்முகவள்ளி போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பேட்டரி தீர்வதும் அந்தக் கண்ணாடியில் தெரியும் என்று ஆபீஸ்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. சந்தனப் பூச்சுக்கு அடியில் மங்கலாக ஒரு வெளிச்சம் இருந்தது. நகத்தால் சுரண்டினாள்.

"ஏய்! வெள்ளிக்கிழமை வெச்ச பொட்டுடி அது!"

"திரும்ப வெச்சுக்கலாம் அத்தை."

ஒரு வருஷத்துச் சந்தனம் சில்லுச் சில்லாகப் பெயர்ந்தது. முந்தானையை எச்சிலில் நனைத்துத் துடைத்தாள். பேட்டரி பாதிக்குமேல் இருந்தது. அதற்குக் கீழே, கடைசியாகக் கூப்பிட்ட நம்பர் இன்னும் அழியாமல் நின்றது.

சண்முகவள்ளி எட்டாவது வரை படித்தவள். சவுதி நம்பர் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் இந்த நம்பரின் தலையைத் தெரியும். இராமநாதபுரம் பஜாரில் துணிக்கடை, உரக்கடை, லாரி ஆபீஸ் என்று ஒவ்வொரு போர்டிலும் எழுதியிருக்கிற தலை. 04567.

அந்த ஐந்து எண்ணையும் விரல் வைத்து இன்னொரு தடவை படித்தாள்.

"என்னடி? வாயைத் திறந்து சொல்லு."

"அத்தை... இது சவுதி இல்ல. ராம்நாடு. அவுக ராம்நாட்டுல இருந்து பேசுறாக. லைன் அத்துப்போகலை. வான்னீகல்ல, அவுகதான் வெச்சுட்டுக் கிளம்பிட்டாக."

ரிசீவர் இன்னும் கருத்தம்மாள் கையில்தான் இருந்தது. குனிந்து, அதை அதன் பள்ளத்தில் வைத்தாள். குமிழ் அமுங்கியதா என்று விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பச்சை விளக்கின்மேல் வெயில் படாமல் முந்தானையைக் கிழித்து மூடினாள். பிறகு நிமிர்ந்து தலைக்கு மேலே போகும் புகையைப் பார்த்தாள்.

"காத்து எங்கிட்டு அடிக்குது?"

"பஸ் ரோட்டுப் பக்கம் அத்தை."

"நீ போ. நீதான் போகணும். நான் மூட்டத்தைப் பார்த்துக்கிறேன்." சொல்லிக்கொண்டே சேற்றுச் சட்டியைக் கையில் எடுத்துவிட்டாள். "கண்மாய்க்கு அந்தப்பக்கமாச் சுத்திக் கூட்டிட்டு வா. இங்கிட்டுப் பார்க்க விடாதே. வந்ததும் வராததுமா இந்தப் புகை அவன் கண்ணுல படக்கூடாது. ஓடுடி!"

சண்முகவள்ளி ஓடினாள். கூடை இல்லாத தலை லேசாக இருந்தது. பாதிக் கரையில்தான் அது அவளுக்கு உறைத்தது. நேற்றுப் பேசியபோதும் குரல் இதே தெளிவுதான். அப்படியானால் மனுஷன் வந்து எத்தனை நாளாச்சு? இவ்வளவு தூரம் வந்தவன் வாசலுக்கு வராமல் ராம்நாட்டில் எங்கே தங்கியிருந்தான், எதனால்?

திரும்பிப் பார்த்தாள். அடிவாரத்தில் மாமியார் இரண்டு கையாலும் மண்ணை வாரி வாரி மூட்டத்தின்மேல் அறைந்துகொண்டிருந்தாள், புகையையே உள்ளே தள்ளி மூடிவிடுகிறவள் போல. புகை அவள் கைக்கு மேலே எழுந்து, யார் சொல்லுக்கும் கட்டுப்படாமல், பஸ் ரோட்டைப் பார்த்தே போய்க்கொண்டிருந்தது.